முதல் கிள்ளு

காஞ்சிபுரத்தில் வெற்றிலை போடாத வாயைப் பார்ப்பது கஷ்டம். பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்போதும் ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்கும். பெருமாள் கோயிலில் தளிகை ஆனதும் வெற்றிலை வேண்டும், ஏகாம்பரநாதர் கோயிலிலும் வேண்டும். கல்யாணம் பேசவும் தகராறு தீர்க்கவும் அதே தட்டுதான் நடுவில் வரும். இவ்வளவு பேர் மென்று துப்பினார்களே, இந்த இலை எந்த மண்ணில் முளைக்கிறது என்று ஒருத்தராவது கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. தின்கிறவனுக்கு அந்தக் கவலை ஏது.

ஓரிக்கைக்குத் தெற்கே பாலாற்றின் நடுவில் ஒரு திட்டு உண்டு. கோடையில் பார்த்தால் அதைத் தீவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுற்றிலும் வெறும் மணல், மாட்டு வண்டி தாராளமாகப் போகும். ஐப்பசியில் ஆறு வந்துவிட்டால் இரண்டாகப் பிரிந்து திட்டை நடுவில் விட்டுவிட்டுப் போகும். அப்புறம் வாழைத்தண்டில் தெப்பம் கட்டித்தான் கரையேற வேண்டும். வண்டல் மண். கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. அகத்தியை நெருக்கி நட்டு, அதில் கொடியை ஏற்றி, கோரையால் கட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வெற்றிலை வளர்த்தார்கள். கொடிக்காலுக்குள் போனால் உச்சி வெயிலிலும் விளக்கு வைக்கிற நேரம் போலத்தான் இருக்கும். குனிந்து குனிந்து வேலை செய்து திட்டுக்காரர்களில் பாதிப் பேருக்கு முதுகு நிமிராது. நாம் கடைவாயில் ஒதுக்கிக்கொள்கிற இலைக்கு அவர்கள் முதுகைக் கொடுத்திருந்தார்கள்.

அங்கே ஒரு முறை இருந்தது. புதுக் கொடியில் முதல் இலையைத் தோட்டக்காரன் தன் கையால் கிள்ளக் கூடாது. ஏறி முற்றிய கொடியை இறக்கி மறுபடி கட்டினாலும் அப்படித்தான். கைராசி உள்ள ஒருத்தர் வந்து ஒவ்வொரு வரிசையிலும் ஒரு இலை கிள்ளி அம்மன் கல்லின் முன்னால் வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். அதற்கு முதல் கிள்ளு என்று பெயர். பிரஜோற்பத்தி வருஷத்தில் அந்தக் கைராசி நீலாம்பாளிடம் இருந்தது.

நீலாம்பாள் குமாரவேலின் பெண்டாட்டி. மாமியார் சாகும்போது தன் கட்டைவிரலில் போட்டிருந்த இரும்பு நகத்தைக் கழற்றி இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வெற்றிலை கிள்ளுகிற எல்லோரிடமும் இப்படி ஒரு நகம் உண்டு, விரல் முனையில் மாட்டிக்கொண்டால் காம்பு நறுக்கென்று அறும். ஆனால் இது வேறு. இது முதல் கிள்ளுக்கு மட்டும். மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் பூசி மாடத்தில் வைத்திருப்பாள். அதைத் தண்ணீரில் கழுவக் கூடாது, கழுவினால் ராசி கரைந்துவிடும் என்று மாமியார் சொல்லியிருந்தாள். திட்டில் யாரும் அதை இரும்பாக நினைத்ததில்லை.

பெரிய சாமியாடி என்று அவளை நினைத்துவிட வேண்டாம். வாயாடி, சிரிப்புக்காரி, கருவாட்டுக் குழம்பு என்றால் இரண்டு கவளம் கூடச் சாப்பிடுகிறவள். முதல் கிள்ளு நாளில் மட்டும் ஊற்றில் முழுகி ஈரப்புடவையோடு, வாயைத் திறக்காமல் வரிசை வரிசையாக நடப்பாள். எல்லோரும் வழிவிட்டு நிற்பார்கள். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. இருக்காதா பின்னே? திட்டில் அவள் கை படாத தோட்டம் ஒன்றே ஒன்றுதான்.

அது யேசுதாஸ் தோட்டம். திட்டின் வால்பகுதியில், ஒரு பள்ளத்துக்கு அப்பால், தாலுகா கச்சேரிக்கு நடையாய் நடந்து மனு போட்டு வாங்கிய புறம்போக்கு மணலில் அவனும் அவன் மனைவி மணியம்மாளும் கொடிக்கால் போட்டிருந்தார்கள். அவன் அப்பன் காலத்தில் சேரியிலிருந்து மாதாகோயிலுக்குப் போனவர்கள். திட்டுக்காரர்களுக்குச் சேரியும் மாதாகோயிலும் ஒன்றுதான். முந்திய வருஷம் அவர்கள் கொடி பருவத்துக்கு வந்தபோது மணியம்மாள் வந்து முதல் கிள்ளுக்கு நீலாம்பாளைக் கூப்பிட்டாள். குமாரவேல் முடியாது என்றுவிட்டான். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று நீலாம்பாள் மழுப்பி அனுப்பினாள். மணியம்மாள் தன் விரல் நகத்தாலேயே முதல் இலையைக் கிள்ளிக்கொண்டாள். அகம்பாவம் பிடித்தவள் என்று பேசினார்கள். வரமாட்டேன் என்றவர்களே அப்படியும் பேசினார்கள்.

பிரஜோற்பத்தி ஆனியில் அப்பாதுரை என்கிற தோட்டக்காரன் தெற்கே கும்பகோணம் பக்கத்திலிருந்து புது விதைக்கொடி கொண்டுவந்தான். ஈரச்சாக்கில் சுற்றி ரயிலில் வந்த கொடி. இலை கைக்கு அடங்காது என்றான். உண்மைதான், இளம் இலையே உள்ளங்கையை மூடியது. அப்பாதுரை கொஞ்சம் அலட்டல்காரன். தன் பழைய கொடிகளுக்கு நடுவிலேயே அதை நட்டு, ஊரையே கூப்பிட்டுக் காட்டினான். வேர் பிடித்து ஏறியதும் ஆவணியில் நீலாம்பாள் முதல் கிள்ளு செய்தாள். அந்த மாதம்தான் கொடி இறக்கிக் கட்டுகிற காலம். அங்கிருந்து திட்டின் பெரியவர் கலியாணசுந்தரத்தின் தோட்டம், அடுத்தது, அடுத்தது என்று திட்டு முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில் தன் தோட்டத்துக்கு வந்தாள்.

முதலில் அப்பாதுரையின் புதுக்கொடியில்தான் அது தெரிந்தது. இலையின் அடியில் எண்ணெய்ச் சொட்டு விழுந்ததுபோல ஒரு புள்ளி. வெளிச்சத்தில் பிடித்தால் சுற்றிலும் மஞ்சள் வட்டம். சில நாளில் புள்ளி கருத்து, புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, இலை காம்போடு கழன்று விழுந்தது. தேமல் என்று பெயர் வைத்தார்கள். தேமல் உடம்புக்கு வந்தால் குப்பைமேனி அரைத்துப் பூசலாம். கொடிக்கு என்ன பூசுவது? வேப்பம் புண்ணாக்கு வைத்தார்கள், சாம்பல் தூவினார்கள், சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் அது தோட்டம் தோட்டமாகத் தாவியது. கணு கருத்து, தண்டு கொழகொழத்து, கொடி அகத்தியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. கொடிக்காலில் எப்போதும் ஒரு வாசனை இருக்கும், காரமும் குளிர்ச்சியுமாக. அது போய் அழுகல் நாற்றம் வந்துவிட்டது. மழை விடவில்லை, ஆறு இரண்டு பக்கமும் ஓடியது. ஓடுவதற்கும் இடமில்லாமல் அந்த நாற்றத்துக்குள்ளேயே உட்கார்ந்து கேழ்வரகுக் களி தின்றார்கள். தொட்டுக்கொள்ள அகத்திக்கீரை. கொடி செத்தாலும் அகத்தி சாகவில்லை. மூன்று வேளையும் அதுவே என்றானபோது அந்தக் கசப்பு நாக்கிலேயே தங்கிவிட்டது.

குமாரவேல் தப்பிய இலையைப் பொறுக்கி நூறு நூறாகக் கவுளி கட்டித் தெப்பத்தில் கரை சேர்ந்து, தலைச்சுமையாகப் பிள்ளையார்பாளையம் கொண்டுபோவான். அங்கே வேலாயுதம் என்கிற நெசவுக்காரர் வீட்டில் வாடிக்கை. அந்த வீட்டில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்று சொல்லிவைத்திருந்தார்கள். தாம்பூலத்துக்கு இலை அடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒரு இலையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, புள்ளி விழுந்த இலையில் பெண் கொடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டாள். வேலாயுதம் கோபக்காரர் இல்லை. கவுளியைத் திருப்பிக் கொடுத்து, இனிமேல் வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். குமாரவேல் அதை வேகவதி ஆற்றில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தான். வாலாஜாபாத் அரிசி மில்லில் ஆள் எடுக்கிறார்களாம் என்று அன்றைக்குத்தான் முதல்தடவையாகச் சொன்னான்.

மார்கழியில் வெள்ளம் வடிந்ததும் விவசாய இலாகாவிலிருந்து ஒரு உத்தியோகஸ்தர் வந்தார். மணலில் பூட்ஸ் புதையப் புதைய நடந்துவந்து, அரசமரத்தடியில் ஆண்களைக் கூட்டிவைத்துப் பேசினார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று இருக்கிறது, தெற்கேயிருந்து வந்த விதைக்கொடியோடு வந்திருக்கலாம், வாடிய கொடியைக் கொளுத்துங்கள், ஒரு தோட்டத்தில் பட்ட கத்தியையும் நகத்தையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்காமல் இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்றார். நல்ல மனிதர். ஆனால் பூச்சி கண்ணுக்குத் தெரியாது என்று சொன்ன இடத்திலேயே கூட்டம் அவரை விட்டுவிட்டது. கொளுத்தச் சொல்வதற்கு ஒரு ஆபீசர் வேண்டுமா என்று அப்பாதுரை முணுமுணுத்தான். பெண்களை யாரும் கூப்பிடவில்லை. குமாரவேல் வீட்டுக்கு வந்து, கொளுத்தச் சொல்கிறார் என்றான். கொதிதண்ணீர் விஷயத்தைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, சொல்லத் தோன்றவில்லை.

அதற்கடுத்த வாரமே திட்டுக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள். கெட்ட இலையை ராசிக்கை கிள்ளி எடுத்தால் கெட்டது அதோடு போகும் என்று, நீலாம்பாளை அந்த இரும்பு நகத்தோடு மறுபடியும் எல்லாத் தோட்டத்துக்கும் அழைத்துப் போனார்கள். பாதி பச்சையாக நின்றவை எல்லாம் அதற்குப் பிறகு அடியோடு போயின.

இதற்குள் யேசுதாஸ் பெயர் அடிபடத் தொடங்கியிருந்தது. அவன் தோட்டம் ஒன்றுதான் பச்சையாக நின்றது. அவன் ஏதோ செய்து புதைத்துவைத்திருக்கிறான், பாதிரியார் மந்திரித்த தண்ணீர் தெளிக்கிறான் என்றார்கள். அப்பாதுரை ஒருபடி மேலே போய், அவன் தோட்டத்துக்கு நெருப்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். தன்னுடைய விதைக்கொடியைப் பற்றி உத்தியோகஸ்தர் சொன்னதை மட்டும் அவன் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

நீலாம்பாளுக்கு யேசுதாஸ் மேல் சந்தேகம் வரவில்லை. அவள் தன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்குப் பாதியை அவள் கிள்ளுவாள், மேற்குப் பாதியைக் குமாரவேல். அது அவர்கள் வீட்டு வழக்கம், முதல் கிள்ளின்போதும் கெட்டதை எடுத்தபோதும்கூட அவள் கிழக்குப் பாதியில்தான் கை வைத்திருந்தாள். ஒரு காலை நேரத்தில் பனி சொட்டும் அகத்திகளுக்கு நடுவில் அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் குமாரவேல் வந்தான்.

"ஏம்மே, இன்னாத்துக்கு இங்கியே நின்னுக்கினு இருக்கிற?"

"இந்தாண்ட நான் கிள்ளினது. அந்தாண்ட நீங்க கிள்ளினது. பாருங்க."

"பாத்தேன். இன்னா இப்போ?"

"என் பக்கம் மொத்தமும் போச்சி. உங்க பக்கம் இப்பத்தான் ஒண்ணு ரெண்டு விழுந்துக்கினு இருக்குது."

"இந்தாண்ட ஈரம் அதிகம்."

"அப்பாதுரை தோட்டம் நான் கிள்ளினது. கலியாணசுந்தரம் அண்ணன் தோட்டம் நான் கிள்ளினது. போன எடமெல்லாம் போச்சி. நான் காலு வெக்காத தோட்டம் ஒண்ணுதான் இந்தத் திட்டுல பச்சையா நிக்குது."

குமாரவேல் சுற்றுமுற்றும் பார்த்தான். "வாய மூடு. வேற யாரு காதுலயாவது உழுந்தா இன்னா ஆவும் தெரியுமா? அவன் தோட்டத்துக்கு வெக்கிறேன்ற நெருப்ப நம்ம கூரைக்கு வெப்பானுங்க."

"என் கைதாங்க. என் கை கெட்டுப் போச்சி."

அவன் விழுந்த கொடியை இழுத்துக் குவிக்கத் தொடங்கினான். அவள் பக்கத்துக் கொடி தன் பக்கத்தில் படாமல் தள்ளித் தள்ளிப் போட்டான். அப்படியானால் அவனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஏனாத்தூரில் அவர்கள் மகள் கமலவேணிக்கு வளைகாப்பு. மார்கழியில் வேண்டாம் என்று தள்ளிப்போட்டு, தை பிறந்ததும் வைத்தார்கள். நீலாம்பாள் மகளுக்குப் பிடித்த புளிச்சோறு கட்டிக்கொண்டு நடந்தே போனாள். போனவள் கூடத்தின் மூலையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் மாறி மாறி வளையல் போட்டுக் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். அம்மா வா, அம்மா வா என்று கமலவேணி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நீலாம்பாள் கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, காய்ச்சல் அடிக்கிறது, தொடக் கூடாது என்றாள். பெற்ற பெண்ணின் வயிறு அது, அவளுக்குத் தொட்டுப் பார்க்க எவ்வளவு ஆசை இருந்திருக்கும். ஒரு வளையல்கூடப் போடாமல் திரும்பினாள். ஆற்றுமணலில் உட்கார்ந்து ஒருபாட்டம் அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

திட்டில் நெருப்புப் பேச்சு முற்றிக்கொண்டிருந்தது. அதை அணைத்தவர் கலியாணசுந்தரம். கோயிலுக்கு இலை அனுப்புகிற பொறுப்பு அவருடையது, வயதிலும் மூத்தவர். யேசுதாஸ் தோட்டத்தைக் கொளுத்திவிட்டு விதைக்கொடிக்கு எங்கே போவீர்கள் என்று ஒரே கேள்வி கேட்டார். மறுபடி தெற்கே போகிறீர்களா என்று அப்பாதுரையைப் பார்த்தார். அப்பாதுரை தரையைப் பார்த்தான். சுத்தமான கொடி அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அதை வெட்டித் திட்டு முழுக்க நடலாம், இல்லாவிட்டால் எல்லோரும் வாலாஜாபாத் மில்லுக்கு மூட்டை தூக்கப் போகலாம் என்றார். கூட்டம் யோசித்தது. வயிறு என்று ஒன்று இருக்கிறதே. சேரிக்காரன் கொடியை நடுவதா என்று கேட்டவர்கள்கூட மெதுவாக அடங்கினார்கள்.

பள்ளத்தைத் தாண்டி ஊரே யேசுதாஸ் தோட்டத்துக்குப் போனது அதுதான் முதல்தடவை. யேசுதாஸ் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று கேட்டான். அவன் ஒன்றும் விலை சொல்லவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள் என்றான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்.

"மொதல் வெட்டுக்கு முன்னால மொதல் கிள்ளு நடக்கணுங்க. எல்லார் தோட்டத்துலயும் நடக்கிறாப்புல. நீலாம்பாளம்மா வந்து கிள்ளணும். எம் பொண்டாட்டி ஒரு வருசமா அதையே நெனச்சிக்கினு இருக்குது."

கலியாணசுந்தரம் சரி என்றார். முறைப்படி எப்படியும் விதைக்கொடிக்கு ராசிக்கைதானே வேண்டும் என்று மற்றவர்களும் சொன்னார்கள். குமாரவேலைத் தவிர எல்லோருக்கும் அன்று மனசு லேசாயிற்று.

நீலாம்பாள் போகமாட்டேன் என்றாள். குமாரவேல் கெஞ்சிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். கலியாணசுந்தரமே வீட்டுக்கு வந்து, காலம் மாறுகிறது, நாமும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். அவரிடம் நீலாம்பாள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். உன் கை லட்சுமி கை, பைத்தியம் மாதிரி பேசாதே என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் சொன்னதை அந்தத் திட்டில் நம்பியது அவள் புருஷன் ஒருவன்தான், அவனும் வாயைத் திறக்கவில்லை. ஜாதித் திமிரில் வரமாட்டேன் என்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. ஊருக்கே படியளக்கப்போகிற ஒரு தோட்டம், அதில் தன் கை பட்டு அதுவும் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது.

கடைசியில் மணியம்மாளே வந்தாள். வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை, கூப்பிடும் வழக்கமும் இல்லை.

"அம்மா, போன வருசம் கூப்புட்டேன், வரல. நான் ஒண்ணும் கேக்கல. இந்த வருசம் ஊரே கூப்புடுது. இப்பவும் வரலன்னா நான் இன்னான்னு நெனைக்கிறது?"

"உன் தோட்டம் நல்லா இருக்கணும்னுதான் வரல மணியம்மா."

"நல்லா இருக்கணும்னா வரணும் இல்லம்மா?"

"என் கை கெட்டுப் போச்சி. நான் தொட்ட தோட்டமெல்லாம் போய்ப் பாரு. உன்னுது ஒண்ணுதான் நான் தொடாதது. அதான் நிக்குது. நெசமாத்தான் சொல்றேன்."

மணியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம்கூட இல்லை.

"எங்க மண்ணுல காலு வெக்க மனசு வரலன்னா நேரா சொல்லிடுங்கம்மா. அதுக்கு இவ்ளோ பெரிய கதை வேணாம். நாங்க கேட்டுப் பழகினவங்கதான்."

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? நீலாம்பாள் சடாரென்று உள்ளே போய் மாடத்திலிருந்து இரும்பு நகத்தை எடுத்தாள். மஞ்சளும் எண்ணெயும் இன்னும் கொஞ்சம் குழைத்துப் பூசினாள். குமாரவேல் எழுந்து நின்றான், ஆனால் தடுக்கவில்லை.

"இது என் மாமியாருது. அவங்களுக்கு அவங்க மாமியாரு குடுத்தது. மாடத்துலயும் அம்மன் கல்லாண்டயும் தவிர இத்த நான் எங்கியும் கழட்டி வெச்சதில்ல. என் கைதான் கெட்டுது, இது கெடல. இத்தப் போட்டுக்கினு நீயே கிள்ளு. உன் தோட்டத்துக்கு நீயே மொதல் கிள்ளு பண்ணு. இதுக்கு மேல என்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்ல மணியம்மா."

மணியம்மாள் கையை நீட்டினாள். நீலாம்பாள் அவள் கையில் கொடுக்கவில்லை. தன் விரல் அவள் விரலில் பட்டுவிடக் கூடாது என்று பயந்து, நகத்தை வாசல்படியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள். மணியம்மாளுக்கு அந்த மாதிரி படியில் வைத்துக் கொடுப்பது புதிது இல்லை. குனிந்து எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள்.

தையில் ஒரு நல்ல நாளில் முதல் கிள்ளு நடந்தது. நீலாம்பாள் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்றாள். மணியம்மாள் ஈரப்புடவையோடு, கட்டைவிரலில் நகத்தை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள். எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள். அவளுக்கு வழிவிட்டது அதுதான் முதல்தடவை, அவள் அதைச் சீக்கிரம் முடித்துவிட விரும்பவில்லை. ஒரு வரிசைக்கு ஒரு இலைதான் முறை. அவள் ஆசை தீராமல் கை நிறையக் கிள்ளினாள். பிறகு அதே நகத்தால் விதைக்கொடிகளை ஒவ்வொன்றாக அறுத்துப் போடப் போட, ஆண்கள் ஈரக்கோரையில் கட்டித் தோளில் தூக்கிப் போனார்கள். அப்பாதுரைகூட வாங்கிப்போனான். நீலாம்பாள் தூரத்திலிருந்து இதைப் பார்த்தாள். மனசு நிறைந்துவிட்டது. தன் பெயர் போனால் போகட்டும், தோட்டம் பிழைத்தது என்று அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

மணியம்மாள் நகத்தை மறுநாளே பழையபடி படியில் வைத்துவிட்டுப் போனாள். பேசவில்லை. அதன் பிறகு எதிரில் பார்த்தாலும் பேசவில்லை.

திட்டு முழுக்கப் புதுக்கொடி நின்றது. குமாரவேல் மில் பேச்சை விட்டுவிட்டான். விடியலில் இரண்டு பேரும் குடம் எடுத்தார்கள். அவன் நட்டான், அவன் கட்டினான், அவள் கொடியைத் தொடாமல் தண்ணீர் மட்டும் ஊற்றினாள். மாசியில் கணுக்கள் வெடித்துத் துளிர் வந்தது. ஏனாத்தூரிலிருந்து பெண் குழந்தை என்று சேதியும் வந்தது. அறுவடைக்குள் கை சரியாகிவிடும், அப்புறம் போய்க் குழந்தையைத் தூக்கலாம் என்று நீலாம்பாள் நினைத்துக்கொண்டாள். மாசி நடுவில் யாரும் எதிர்பாராத மழை ஒன்று பெய்தது. விட்டு விட்டு மூன்று நாள் போல இருந்தது. நல்ல மழை என்று திட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

மழை விட்டுப் பத்துப் பதினைந்து நாள் ஆனபோது மணியம்மாள் வந்தாள். குமாரவேல் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். நீலாம்பாள் வாசலில் கோரை கிழித்துக்கொண்டிருந்தாள். மணியம்மாள் கையில் ஒரு இலை இருந்தது. அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். எண்ணெய் சொட்டியதுபோல ஒரு புள்ளி, சுற்றி மஞ்சள்.

"ஒண்ணு ரெண்டு இல்லம்மா. நான் வரிசை வரிசையா கிள்ளிக்கினு போன எடமெல்லாம் இருக்குது. ஊர்க்காரங்க நட்ட துளுருலயும் பாத்தேன். உங்க தோட்டத்துலயும் இருக்குது, வர்ற வழியில பாத்துக்கினுதான் வரேன்."

குமாரவேல் கஞ்சியைக் கீழே வைத்தான்.

மணியம்மாள் அழவில்லை. குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. "அன்னிக்கி நீங்க வந்து ஒரே ஒரு இலை கிள்ளியிருந்தா இது வந்திருக்குமா? உங்க கை பட்டிருந்தா எங்களுது பொழச்சிருக்கும். எங்க கொடிய நட்ட எல்லாருதும் பொழச்சிருக்கும். காலப் புடிக்காத கொறையா கேட்டனே. வரமாட்டேன்னுட்டீங்களே அம்மா."

நீலாம்பாள் தன் கையைப் பார்த்தாள். அந்தக் கை பள்ளத்தைத் தாண்டவில்லை. மகளுக்கு ஒரு வளையல் போடவில்லை, பேத்தியை இன்னும் தொடவில்லை. அது ஒரு பாவமும் செய்யவில்லை. பள்ளத்தைத் தாண்டிப் போனது அந்த இரும்பு. ஆவணியில் அப்பாதுரை தோட்டத்திலிருந்து கிளம்பித் தோட்டம் தோட்டமாகப் போனதும் அதுதான். அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

"நான் வரலதான் மணியம்மா," என்றாள். "ஆனா நான்தான அனுப்பி வெச்சேன்."

இன்னா அனுப்பினீங்க என்று மணியம்மாள் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நீலாம்பாள் படியை விட்டு இறங்கி வந்து, அவளுடைய கட்டைவிரலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.